பலெர்மோவில் ஒரு கோட்டடி

1996 ஒக்டோபரில் நான் பலெர்மோ போனது கடல் பார்க்கவோ தேவாலயம் பார்க்கவோ அல்ல. வயிற்றெரிச்சலில் போனேன். ஜெர்மனியில் ஒரு கலியாண வீட்டில் யாரோ, "சூசையண்ணை பலெர்மோவிலை கோட்டடிக்கு இடம் குடுத்திட்டாராம்" என்று சொன்னதுதான் காரணம். நீதிமன்றம் இருக்கும் இடத்தை நாங்கள் கோட்டடி என்போம். எங்கள் ஊர்க் கோட்டடிக்குக் காணி கொடுத்தவர் என் பூட்டனார். வாசல் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. சூசை என்னோடு படித்தவன், வாடகை வீட்டில் வளர்ந்தவன். அவனுக்கு ஏன் இந்த வேலை? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோமிலிருந்து ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். பலெர்மோ இருப்பது தீவில், அதனால் வில்லா சான் ஜொவான்னித் துறைமுகத்தில் ரயில் பெட்டிகளையே கழற்றிக் கப்பலில் ஏற்றுவார்கள். அப்போது மேல்தளத்துக்குப் போய் அரஞ்சினி வாங்கிச் சாப்பிடுங்கள், பொரித்த சோற்று உருண்டை, சூடாக இருக்கும். ஏறும்போது உங்கள் பெட்டி எது என்று பார்த்து வையுங்கள். நான் பார்க்காமல் ஒரு குடும்பத்தின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் சூசை ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். "வா மச்சான், களைச்சுப் போனாய். நடப்பமே?" தமிழர்கள் இருக்கும் கால்சாப் பகுதிக்குக் கால் மணி நேர நடை. வழியெல்லாம் "சூசையண்ணை, சூசையண்ணை" என்று வணக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடம் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளம், முன்பு குதிரை கட்டியது. இங்கே முதலில் வந்த தமிழர்களில் சூசையும் மனைவி ரீத்தாவும் அடக்கம். கடை போடவென்று இருவரும் வாங்கிய இதைப் பிறகு சூசை எல்லாருக்குமாகக் கொடுத்துவிட்டான். வீட்டுவேலை செய்பவர்களுக்கு சின்யோராமார், அதாவது வீட்டு எஜமானிகள், வியாழன் பின்னேரம் லீவு கொடுப்பார்கள். சனத்தின் வழக்குகள் அன்றுதான் இங்கே தீரும். வேதக்காரரும் வருவார்கள், சைவரும் வருவார்கள். மேசையில் இருந்து தீர்ப்புச் சொல்வது சூசை; வழக்கில் பெயர் வந்தவர் அந்த மேசையில் இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

நான் போன வியாழன் எழும்பியது ரீத்தா. "இண்டைக்கு என்ரை வழக்கு. இவரின்ரை பேரிலை."

சூசை மேசையை விட்டு எழும்பினான்.

"லிபெர்த்தாத் தெருவிலை மூண்டு வீடு துடைச்சு நானும் சேர்ந்து வாங்கின இடம். குடுக்கேக்கை என்னை ஒரு சொல் கேட்டவரோ?"

"இல்லை, கேக்கேல்லை" என்றான் சூசை.

"அப்ப எனக்கு என்ரை கடை வேணும்."

இது போனால் கூடிக் கதைக்கச் சனத்துக்கு வேறு இடமில்லை. ஒரு பெரியவர் என்னைக் காட்டினார். "தம்பியின்ரை ஆக்கள் ஊரிலை கோட்டடிக்குக் காணி குடுத்தவை. அவர் சொல்லட்டும்."

சூசையின் கதிரையில் உட்கார்ந்தேன். அப்பாடா, என்ன சுகம்! "மனிசியைக் கேளாமல் குடுத்தது குடுத்ததே இல்லை. திறப்பை அக்காவிட்டைக் குடுங்கோ" என்றேன். சூசை கழுத்துக் கயிற்றிலிருந்து கதவுத் திறப்பைக் கழற்றினான். அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்கு உள்ளே குளிர்ந்தது.

சனம் கதிரைகளை மடக்கத் தொடங்கியது. ரீத்தா திறப்பை முந்தானையில் முடிந்தாள். "ஆர் உங்களை எழும்பச் சொன்னது? இருங்கோ. இப்ப இந்த இடத்தை நான் தாறன்."

ஒரே கைதட்டல். சூசை வெட்கம் கெட்டவன், எல்லாரையும் விடப் பலமாக அவன்தான் தட்டினான். நான் கெடுக்கப் போய், ஒருவனுக்கு இருந்த பெயர் இரண்டு பேருக்காகிவிட்டது.

ரீத்தா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். "அண்ணை, உங்கடை ஊர்க் காணி ஆரின்ரை சீதனம்?"

"பூட்டியின்ரை."

"அவவின்ரை பேர் என்ன?"

கல்லில் பூட்டனார் பெயர் மட்டும்தான். அவர் மனைவியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன்.

போகிறவர்கள் வியாழன் மூன்று மணிக்குப் பிறகு போங்கள். மற்ற நாட்களில் எல்லாரும் வேலையில், கதவு பூட்டியிருக்கும். கால்சாவில் ரீத்தாக்காவின் கோட்டடி என்று எந்தத் தமிழரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பரம்பரைப் பெருமையை மட்டும் ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "எப்பிடி, பெரிய இடமோ?"

"சின்ன இடம்தான்" என்றேன்.