டிக்கி மூடிக்குள்ள நாலு கைநாட்டு

சுனாமி வந்து காசிமேட்டுல போட்டெல்லாம் ரோட்டுல ஏறிக் கெடந்துச்சே, அந்த வருஷம் நான் வித்த லேண்ட்மாஸ்டர் காரை இன்னிக்கு ராயபுரத்துல ஒரு ஷெட்டுல பார்த்தேன்.

கலர் மாறிப்போச்சு. நம்பர் படிக்க எனக்கு வராது. ஆனா வாழ்நாளெல்லாம் பழைய வண்டி வாங்கி உசுரு குடுத்தவன், மனசு அடிச்சிக்கிச்சு.

"டிக்கியக் கொஞ்சம் தொறங்க"ன்னேன்.

ஷெட் ஓனர் சிரிச்சாரு. "இன்னா பெருசு, உள்ள புதையலா கீது?"

மூடியோட உள்பக்கம் தடவினேன். பெயின்டுக்கு அடியில நாலு பள்ளம்.

அப்போல்லாம் வண்டி ரிப்பேர் முடிஞ்சதும், நான், வெல்டர், பெயின்டர், தகடு தட்டற டிங்கர்னு கையெழுத்து போடத் தெரியாத நாங்க நாலு பேரும், பெயின்டுக்கு அடியில பூசற பட்டி காயறதுக்குள்ள கட்டைவிரலை வெச்சு அழுத்துவோம். என் விரல் இன்னிக்கும் அதுல அப்படியே உக்காருது!

"நாளைக்கு இதைத் தேச்சு சமமாக்கிடுவோம்"னாரு.

"தேச்சா இங்கயே படுத்துக்குவேன், நைனா."

அவரும் விரலை வெச்சுப் பார்த்தாரு. அப்புறம், "இருக்கட்டும், தேய்க்கல"ன்னாரு.

வெல்டரும் பெயின்டரும் செத்துப் போய்ட்டாங்க. எண்ணூர்ப் பக்கம் கீறவங்க யாராச்சும் மிச்சம் கீற ஒருத்தனைக் கூட்டிக்கினு வாங்கப்பா. வரமாட்டேன்னு மொறைச்சா தூக்கிக்கினு வாங்க. நெட்டுக்குப்பத்துல டிங்கர் தாமஸ்னு கேட்டா காட்டுவாங்க.