நாளுக்கு ஒரு நிமிடம்

அந்த அக்கா கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். கறுப்பு வார், வெள்ளை முகப்பு, நொடிமுள் மட்டும் சிவப்பு. எங்கள் கண்காணிப்பு அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசல் லாக்கரில் அதைப் பூட்டுவதற்கு முன் தினமும் இரண்டு மணியையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வெட்டி வேலை என்று நாங்கள் கேலி செய்வோம். "கிண்டல் பண்ணிகினே இரு. ஒரு நாளு ஒனக்கே மணி சொல்லுவேன்" என்பார். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஆம்பூரிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்ற எனக்குக் காக்ஸ் டவுனில் அலைந்து திரிந்து அறை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காகப் பரிதாபப்பட்டுவிடக் கூடாது.

மருந்துக் கிடங்குகளின் குளிர் அறைகளிலிருந்து நொடிக்கு நொடி வெப்ப அளவு எங்கள் திரைக்கு வரும். அளவு ஏறினால் கிடங்கிலுள்ள கருவி அலாரம் அனுப்பும், அனுப்பிய நேரத்தையும் அதுவே குறிக்கும். இங்கே உட்கார்ந்திருப்பவர் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் கிடங்கு ஆட்களுக்குத் தகவல் போகும். அழுத்திய நேரத்தைக் குறிப்பது எங்கள் சர்வர். ஒரு மதியம் ஒரு கிடங்கில் இன்சுலின் முழுக்கக் கெட்டுப்போனது. பதிவில் அலாரம் மூன்று பத்து, அக்கா அழுத்தியது மூன்று பதினாலு. தகவல் தாமதம் என்று கிடங்குக்காரர்கள் கை கழுவிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை என்றும், பதில் இல்லையென்றால் வேலை இல்லை என்றும் அக்காவுக்குக் கடிதம் வந்தது. பதினோரு வருட வேலை.

பார்த்ததும் அழுத்தினேன் என்று சொல்லிக்கொண்டு அவர் மூலையில் உட்காரவில்லை. அலாரம் வழியில் தாமதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கருவி மணி, சர்வர் மணி இரண்டில் ஒன்று தப்பு என்று கணக்குப் போட்டார். எந்தக் கல்லூரியும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. மேஜைத் தொலைபேசியில் கிடங்குக் காவலரைப் பிடித்து, கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். "ஈக ஒத்திதே மேடம்" என்று, அழுத்திவிட்டதாகக் காவலர் கன்னடத்தில் சொன்ன கணத்திலிருந்து அக்கா சிவப்பு முள்ளைப் பார்த்தார். எட்டாவது நொடியில் திரையில் அலாரம் வந்தது. ஆக, வழியில் பழுதில்லை. பிறகு திரையோரத்தில் ஓடும் சர்வர் நேரத்தைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். நாலு நிமிடம் வித்தியாசம். நோட்டில் எழுதிக்கொண்டு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் நேராக வந்தார். அது திங்கட்கிழமை.

"வழியில லேட் இல்லப்பா. ஒங்க சர்வர் மணிதான் நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது. மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னால ஒங்கிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீயே சொல்லிட்டின்னா ஒனக்கு அசிங்கம் இல்ல."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சர்வரின் மணியை வெளியுலக மணியோடு ஒத்துவைக்கும் நிரலை, மூன்று மாதத்துக்கு முன் வேறொரு வேலைக்காக நான்தான் நிறுத்தினேன். திரும்ப ஓட்ட மறந்துவிட்டேன். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று நொடியாக மணி முன்னால் ஓடியிருக்கிறது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள நானே சொல்லிடறேன்க்கா" என்றேன். நம்பினார்.

மணியை ஒரேயடியாகப் பின்னால் இழுத்திருந்தால் நாலு நிமிடப் பள்ளம் பதிவில் அப்படியே தெரியும். அதனால் நாளுக்கு ஒரு நிமிடமாக, யார் கண்ணிலும் படாமல் கரையும்படி செய்தேன். கேட்டால் சிரிப்பீர்கள், எங்கள் தொழிலில் முறையான வழியே அதுதான். அக்கா தினமும் மத்தியானம் பார்த்து எழுதினார். நாலு, மூன்று, இரண்டு. புதன்கிழமை என் மேஜைக்கு வந்து, "கொறஞ்சிகினு வருதே, சரி பண்ணிகினு இருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல புள்ள" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அக்காவின் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லித் திரையின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மணி. அக்காவின் நோட்டைப் புரட்டினார். "கம்ப்யூட்டர் மணி தன்னால நாளுக்கு ஒரு நிமிஷம் கொறையுமா மேடம்? ஒங்க வாட்ச்ச தெனம் கொஞ்சம் திருத்திட்டு வந்து சிஸ்டம் மேல பழி போடறீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "சர்வர் மணி எங்கயும் குதிக்கல சார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "நீ சொல்றன்னு சொன்னியேப்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் விசாரணை அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனது, கொக்கி மாட்டவேயில்லை. யாரும் உதவவில்லை. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

வெட்கம் வந்ததா என்றால் வந்தது. பதவி உயர்வும் வந்தது. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். மணியைக் குதிக்கவிடாதீர்கள், மெல்ல நகர்த்துங்கள் என்கிறேன். மடிக்கணினியில் தட்டிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நண்பனைப் பார்க்க அவனுடைய அடுக்குமாடிக்குப் போனேன். வாசலில் நீலச் சட்டை போட்ட காவலாளி வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என் பேரைக் கேட்கவில்லை, அவராகவே எழுதினார். பிறகு மணிக்கட்டைத் திருப்பினார். அதே வெள்ளை முகப்பு, அதே சிவப்பு முள். ஆறு பத்து என்று எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினார். என்னை 'நீ' என்று கூப்பிட்டவர்.

"டைம் சரியா இருக்குதா பாத்துட்டு கையெழுத்து போடுங்க சார்."

கைப்பேசியைப் பார்த்தேன். ஆறு பத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு லிப்டை நோக்கி நடந்தேன்.