ஆச்சியின் எண்ணுக்குப் போன முடிவு

எங்கள் சமூகத்தில் கூடப்பிறந்த அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு ஒரே ஆச்சி, எட்டு வயது மூத்தவள். முன்பெல்லாம் அவர், இவர் என்றுதான் எழுதியிருப்பேன். இப்போது கை வரவில்லை.

பள்ளத்தூரில் நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளியில், காரைக்குடி ஆஸ்பத்திரி ஒன்று கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு முகாம் போட்டது. படிவத்தில் போன் நம்பர் கேட்டார்கள். வகுப்பில் இருக்கும்போது நான் போனை எடுக்க முடியாது. கணவர் நம்பரைக் கொடுக்கக் கூச்சம், இந்தச் சமாசாரங்களை எங்கள் வீடுகளில் ஆண்கள் காதில் போடுவதில்லை. ஆச்சியின் நம்பரை எழுதினேன். பல்வலி முதல் பிரசவம் வரை எனக்கு எல்லாம் அவள்தான் என்பதால் வேறு யோசனையே வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளே கூப்பிட்டு, முடிவு வந்துவிட்டது, ஒரு குறையும் இல்லையாம், கல்யாண வேலையைப் பார் என்றாள். என் மகளுக்கு அவள் கொண்டுவந்த சம்பந்தம்தான் பேசி முடிந்திருந்தது. சீர்ச் சாமான்களை ஹால் முழுக்கப் பரப்பி உறவுக்காரர்களுக்குக் காட்டுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. குத்துவிளக்கிலிருந்து இட்லிப் பானை வரை அத்தனையையும் நானும் அவளுமாகத்தான் துடைத்து வைத்தோம். பெண்ணைப் பெற்றவள் இப்படி ஓடியாடுகிறாளே என்று வந்தவர்கள் என்னை மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் போனது. நாள் தவறி ரத்தம் பட ஆரம்பித்தது. தீட்டு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பார்த்துவிட்டு, மதுரையில் என்ன சிகிச்சை எடுத்தீர்கள் என்று கேட்டார். கல்யாணப் புடவை எடுக்கப் போனதைத் தவிர எனக்கும் மதுரைக்கும் சம்பந்தமே கிடையாது என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பாப்பிலோமா வைரஸ், பதினாறாம் வகை, பாசிட்டிவ். அதன் கீழே ஒரு குறிப்பு: மூன்று முறை போனில் அழைக்கப்பட்டது, மதுரையில் வைத்தியம் பார்ப்பதாக அக்கா தெரிவித்தார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இந்த வைரஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடுமாம். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். தங்கினால் கர்ப்பப்பை வாயின் செல்களை மெல்ல மெல்ல மாற்றும். புற்றுநோயாக முற்ற வருடங்கள் ஆகும், அந்த வருடங்களுக்குள் பிடிக்கத்தான் பரிசோதனையே. அன்றைக்கே வந்திருந்தால் கெட்ட இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். சதைத் துணுக்கை எடுத்து, பி16 என்ற புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்தார்கள். பழுப்பாகப் பிடித்துக்கொண்டது, வைரஸ் செல்களை மாற்றிவிட்டது என்று அர்த்தமாம். கெட்ட இடத்தை மட்டும் எடுக்கிற எல்லையைத் தாண்டிப் புற்றுநோயாகிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிறகு கதிர்வீச்சு.

ஆச்சி வந்து அழுதாள். ஆத்தாளுக்கு இந்த வியாதி என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிடுவார்கள், கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன், முடிந்தபின் சொல்லப் பயமாகிவிட்டது என்றாள். வியாதியைக் குடும்ப வழி என்று நினைத்திருக்கிறாள், அறியாமை, என் மகளுக்காகத்தானே செய்தாள் என்று பாதி மன்னித்தேன். வாய்க்கு ருசியாக ரசம் கொண்டுவந்தாள், குடித்தேன்.

கதிர்வீச்சுக்கு என்னோடு துணைக்கு வந்தவள் ஆச்சியின் மகள். காலேஜில் படிக்கிறாள். இது தொற்று, வம்ச வழி இல்லை, தடுப்பூசி இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்பே போட்டிருந்தால் நல்லது, இப்போதாவது உங்கள் மகளை அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா ஒருநாள் சொன்னார். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை வெள்ளந்தியாகச் சொன்னது:

"எனக்கு அப்பவே போட்டாச்சு, சின்னாத்தா. ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின மாசம். ஆத்தாளும் அன்னைக்கே டெஸ்ட் எடுத்துக்கிட்டாக."

அறியாமையாவது, மண்ணாவது. என் முடிவைத் தெரிந்துகொண்டு, யாரிடமோ விவரமாகக் கேட்டு, தன்னையும் தன் மகளையும் காப்பாற்றிக்கொண்டு, என் வீட்டில் வந்து குத்துவிளக்கைத் துடைத்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அதை ஊராருக்குச் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ரசத்தோடு வந்தவளிடம் நேராகக் கேட்டேன்.

"ஒங்க மகளுக்கு மட்டும் ஊசி போட்டீகளே ஆச்சி, எங்கிட்ட ஏன் மறைச்சீக?"

ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி என் பக்கம் வைத்தாள். பிறகு, இதைக்கூடவா கேட்பாய் என்பது மாதிரி சொன்னாள்.

"அவ நான் பெத்த பிள்ளையில்ல?"

என் மகளும் நான் பெற்ற பிள்ளைதான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த ஆச்சி, ஊசியை மட்டும் சொல்லவில்லை.