வலது பக்க மூடி

திருத்தங்கலில் மகேஷ்குமாரின் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற புல்லட்டுகள் ஓட மறுத்து வருவதில்லை, அழகு போதாமல் வருகின்றன. டேங்குக்குப் பெயிண்ட், சீட்டுக்குத் தோல், ஹேண்டிலுக்கு உயரம் என்று ஒவ்வொன்றாய் மாற்றி முடித்தபின், எஞ்சின் மூடியில் கொடியோ மயிலோ வெட்டித் தரவேண்டும் என்று கேட்கிறவர்களை அவன் ஷெட்டின் கிழக்கு ஓரத்துக்கு அனுப்பிவிடுவான். அங்கே வைஸ் இடுக்கியில் மூடியை இறுக்கிவைத்துக்கொண்டு இசைவாணி உட்கார்ந்திருப்பாள்.

அவள் புருஷன் கதிரவன் விருதுநகரில் பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவன். சீருக்கு வாங்குகிற குடத்திலும் அண்டாவிலும் கொடுக்கிறவர் பேரை உளியும் சுத்தியலுமாகத் தட்டித் தட்டி ஏற்றுகிற வேலை. ஒருநாள் ஒருவர் குடத்துக்குப் பதிலாக புல்லட் மூடியைக் கொண்டுவந்து பேர் வெட்டச் சொன்னார். பேரைச் சுற்றி இடம் கிடக்கிறதே என்று கதிரவன் ஒரு கொடியை ஓடவிட்டான். அந்தக் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் மகேஷ்குமார் அவனைத் திருத்தங்கலுக்குக் கூட்டிவந்தான்.

இசைவாணி அதற்கு முன்பு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷனுக்குக் கொடி வரைந்து கொடுத்தாள். கொஞ்ச நாளில் தானே வெட்டவும் ஆரம்பித்தாள். ஆனால் சுத்தியலைத் தொடமாட்டாள். மருந்து இருக்கிற அறைக்குள் இரும்பு போகக்கூடாது. பித்தளையும் மரமும்தான். இரும்பில் இரும்பு மோதினால் பொறி. பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்பெனியை விட்டு வந்தும் அது அவள் கையை விட்டுப் போகவில்லை. சுத்தியலை ஓங்கினால் உளித்தலைக்கு ஒரு விரற்கடை மேலே கை தானாக நின்றுவிடும்.

“ஏட்டி, இது அலுமினியம். அணுகுண்டு இல்ல” என்பான் கதிரவன்.

“எனக்குத் தெரியுது. என் கைக்குச் சொல்லுங்க” என்பாள் அவள்.

அதனால் அவள் உளிப் பிடியை உள்ளங்கையில் முட்டுக்கொடுத்துத் தள்ளியே வெட்டப் பழகினாள். அவள் கோடு இழைத்த நூல் மாதிரி வழுவழுவென்று ஓடும். அவன் கோட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பட்டை விழுந்திருக்கும். வெயில் பட்டால் மீன் செதிலாய் மினுங்கும். இன்னார் கை என்று வருகிறவர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள்.

கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்த கதிரவன் எழுந்திருக்கவில்லை. முப்பது கழிந்ததும் இசைவாணி ஷெட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினாள். எப்படி இருக்கிறீர்கள் என்று மகேஷ்குமார் கேட்கவில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்தது.

மாசியில் ஆமத்தூரிலிருந்து சிவபாண்டி வந்தார். தோட்டம் துரவு என்று வசதியான சம்சாரி வீட்டுக்காரர். அவருடைய புல்லட்டின் இரண்டு மூடிகளையும் கதிரவன்தான் வெட்டியிருந்தான். இப்போது சரளையில் வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து அந்தப் பக்கத்து மூடி பிளந்துவிட்டது. உடைந்ததையும் புதிதாய் வாங்கிய மொட்டை மூடியையும் அவர் அவள்முன் வைத்தார்.

“பங்குனிப் பொங்கலுக்குள்ள வேணும் தங்கச்சி. ஆனா ரெண்டு பக்கமும் ஒரே கையா இருக்கணும். ஒண்ணு அம்மி கொத்துனாப்புல, ஒண்ணு கோலம் போட்டாப்புல இருந்தா பாக்கிறவன் சிரிப்பான்.”

“அவுக மாதிரி எனக்கு வராது அண்ணாச்சி.”

“அதுக்கென்ன? இடது பக்கத்தையும் அரைச்சு வழிச்சிட்டு, ரெண்டையும் உங்க கையாலயே வெட்டிக் குடுத்துருங்க. எனக்கு ஜோடி சேந்தாப் போதும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கதிரவன் வெட்டிய மூடிகள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரைக்கச் சொல்லி வந்தது இதுதான் முதல். அரைக்கிற சக்கரம் அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருந்தது.

“மொதல்ல வலது பக்கத்தை வெட்டித் தாரேன். ஜோடி சேரலைன்னா அரைச்சுக்கிருவோம்” என்றாள்.

அவர் போனதும் மகேஷ்குமார் வந்தான். “யக்கா, எதுக்கு இம்புட்டுப் பாடு? அவருக்கு இடது பக்கத்துக்கும் ஒரு புது மூடி வாங்கிப் போட்ருவோம். அண்ணன் வெட்டுனதை நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“வீட்டுல கொண்டுபோய் ஆணியில மாட்டவா? ஓடுற வண்டிக்குன்னுதான வெட்டுனாக.”

உடைந்த மூடியை வைஸில் இறுக்கினாள். கதிரவன் போட்ட பழைய வெட்டுக்குள்ளேயே உளியை நிறுத்தி, அவன் தடத்திலேயே தட்டிப் பார்க்கலாம் என்பது யோசனை. சுத்தியலை ஓங்கினாள். கை நின்றது. மறுபடி ஓங்கினாள். இந்த முறை தட்டிவிட்டாள்; டிங்கென்ற சத்தம் காதில் விழுந்ததும் உடம்பே சுருங்கிப் பின்னால் போனது. அன்றைக்கு முழுக்க அவ்வளவுதான் நடந்தது.

“சத்தந்தான் தம்பி பாடாப் படுத்துது” என்றாள் மறுநாள்.

மகேஷ்குமார் கொஞ்சம் யோசித்தான். சைலன்சரைக் கழற்றிப் போட்டிருந்த ஒரு புல்லட்டை உருட்டிவந்து அவள் பக்கத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தான். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. அந்த இரைச்சலில் சுத்தியல் விழுவது அவளுக்கே கேட்கவில்லை. கை நிற்கவில்லை.

எதிரே இருந்த அச்சுப் பிரஸ்ஸிலிருந்து காமராஜ் வந்துவிட்டார். “ஏலே, வண்டிய ரிப்பேர் பண்றியா, ஊரையே ரிப்பேர் பண்றியா? காலண்டருக்குக் கலர் பாக்க முடியலலே!”

“அக்கா வெட்டுறாக அண்ணாச்சி.”

“வெட்டுறதுக்கு எதுக்குலே வண்டி உறுமணும்?”

அதற்குப் பதில் சொல்ல நேரமாகும் என்று அவரைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

உடைந்த மூடியில் கை ஓரளவு படிந்ததும் புது மூடியை எடுத்தாள். பழையதிலிருந்து கொடியைப் பிரதியெடுத்து வரைந்தாள். கதிரவன் எந்த மூடியையும் கீழ்முனையில்தான் தொடங்குவான். கை பதமாகிறவரை விழுகிற கோணல்கள் பார்வைக்குப் படாத இடத்தில் கிடக்கட்டும் என்பான். அவளும் அங்கேயே தொடங்கினாள். பக்கத்தில் புல்லட் இரைந்துகொண்டிருந்தது. முதல் இலைகள் ஆழமில்லாமல், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் விழுந்தன. நிறுத்தாமல் போனாள்.

தண்டு மேலே ஏறுகிற இடத்தில் புல்லட் அடங்கியது.

“எஞ்சின் கொதிக்குதுக்கா. கொஞ்சம் ஆறட்டும்” என்றான் மகேஷ்குமார்.

இசைவாணி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிரஸ்ஸில் தாள் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. தண்டு பாதியில் நின்றது. இங்கே விட்டு இன்னொரு நேரம் தொட்டால் இணைப்புத் தெரிந்துவிடும். அவள் உளியை வைத்துத் தட்டினாள். டிங்கென்றது. தோள் சுருங்கியது. தோள் சுருங்கியபடியே அடுத்ததைத் தட்டினாள், அதற்கடுத்ததையும். மகேஷ்குமார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வண்டியை மறுபடி போடு என்று அவள் சொல்லவில்லை.

சிவபாண்டி வந்து, ஷெட்டில் நின்ற தன் வண்டியின் இடது மூடியையும் கழற்றச் சொல்லி, இரண்டையும் வெயிலில் பக்கம் பக்கமாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதில் இரண்டிலும் மினுங்கியது. வலது மூடியின் கீழ்முனைக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

“மேல எல்லாம் அச்சு அசலா இருக்கு. இங்கன மட்டும் என்ன, கோழி கிளறுனாப்புல?”

இசைவாணியின் பார்வை ஒருமுறை அரைக்கிற சக்கரத்துக்குப் போய்த் திரும்பியது. மகேஷ்குமார்தான் மூடியை வாங்கி வண்டியில் பொருத்தித் திருகுகளை முடுக்கினான். முடுக்கியதும் பிரேக் மிதி குறுக்கே வந்து அந்தக் கீழ்முனையை மறைத்தது. சிவபாண்டி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கையிலிருந்த இடது மூடியையும் இன்னொரு முறை பார்த்தார்.

“சரி, என் பூட்ஸுக்கு மட்டுந்தான் தெரியும். இடதை மாட்டு தம்பி, அப்படியே இருக்கட்டும்.”

அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டபோது இசைவாணி எழுந்து வந்தாள்.

“அண்ணாச்சி.”

“சொல்லுங்க தங்கச்சி.”

“இனிமே விழுந்தீகன்னா வலது பக்கமாவே விழுங்க. அதை நான் வெட்டிக்கிருவேன்.”

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, தெருமுனைச் சரளையில் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் போனார்.