கரையில் நின்ற இறக்கைக் குதிரை

பாப்கார்ன் கருகும் வாசனை வந்தால், ஹடப்சர் தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வருவார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. "நாவல்ல இப்படி இல்லையே" என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதன்பின் அந்த மாயாஜாலப் படம் விளக்கமில்லாமல் தாவிய இடங்களிலெல்லாம் முழங்கையால் இடித்து, "இது ஏன் சார்?" என்பார்.

இறக்கைக் குதிரை கரையில் காத்திருக்க, இளவரசன் ஏரிக்குள் நடந்து மூழ்கினான். படம் காரணம் சொல்லவில்லை. அவர் இடிக்கவில்லை.

வாசலில்தான் கேட்டார். "அந்தப் பையன் ஏன் சார் போனான்? என் மகன் விடாம படிச்ச கதை. போன வருஷம் அவனும் ஆத்துல இறங்கிட்டான். ஒரு வார்த்தை சொல்லல."

"நாவல்ல ஒரு அத்தியாயம் முழுக்கக் காரணம் இருக்கு" என்றேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "அப்ப அவன் அப்பன், அந்த ராஜா, குடுத்து வச்சவன் சார்."