ரஜா அன்று மட்டும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஓசூரில் கம்பெனிகள் இருக்கும் பக்கமாக ஒரு வரிசை வீட்டில் நானும் என் கணவரும் நாலு வயது மகளும் குடியிருந்தோம். அந்த வரிசையில் எட்டாவது வரை படித்த பெண் நான் ஒருத்திதான். ரேஷன் அட்டையோ பள்ளிக்கூடத்து நோட்டீஸோ, எது வந்தாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் நீட்டுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான். அந்தத் தலைக்கனத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கணவருக்குக் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் குடும்பத்தில் அதுவரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் இடத்தில் பிரஸ் மெஷினில் வேலை. அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைப்பதே அவர் அம்மாவுக்கு ஒரு பண்டிகை மாதிரி.

முதலில் முழங்கையில் படர்தாமரை போல ஒன்று வந்தது. ஒரு வருஷத்துக்குள் முழங்கால், முதுகு, தலை என்று பரவிவிட்டது. சிவந்து தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில். காலையில் பாயை உதறினால் ஒரு கை நிறைய அள்ளலாம். சோரியாசிஸ் என்று கம்பெனி டாக்டர் பெயர் சொன்னார், ஒட்டாது என்றும் சொன்னார். யார் கேட்டார்கள்? கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். குஷ்டம் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் அவர் ஷெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

வேப்பிலை, பத்தியம், களிம்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பஸ் ஏறிப் பெங்களூரு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கன்னடக்காரர். தமிழைத் தட்டித் தடுமாறிப் பேசுவார், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அவர்தான் முதன்முதலில் என் கணவரின் கையைத் தொட்டுப் பார்த்தவர்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போடுவது அவற்றின் வேலை, இவர் உடம்பில் அவற்றில் ஒரு வகை இவருடைய தோலையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது, அதனால்தான் தோல் அவசரம் அவசரமாக வளர்ந்து உதிர்கிறது என்றார். அதுவரை எல்லாரும் ரத்தம் கெட்டுவிட்டது, சக்தி போதவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். இவரோ, "கேட்டுல நிக்கிற வாட்ச்மேனு உள்ள வர்ற நம்ம ஆளையே அடிக்கிறான், அப்படித்தானுங்க மேடம்?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இவ்வளவு பரவிய பிறகு களிம்பு போதாது என்றார். ஒளி வைத்துச் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டாம். அதற்கு வாரத்தில் மூன்று நாள் வர வேண்டும். மூன்று நாள் லீவு போட்டால் கம்பெனியில் பெயரை எடுத்துவிடுவார்கள். மீதி இருந்தது மாத்திரை. அந்த அணுக்களின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் கடுமையான மருந்து, மாதா மாதம் ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். போட்டால் வயிற்றைப் பிரட்டும், அப்படி மெஷின் முன்னால் நிற்கக் கூடாது என்பதால், "உங்களுக்கு ரஜா எப்போ?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் விடுமுறைக்கு ரஜா என்றுதான் பேச்சு, கன்னடத்திலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை என்றார் இவர்.

"சரி. ரஜா தினம் மட்டும் மூணு மாத்திரை. பேரே தினம் பேடா. ஆயித்தா?"

வேறு நாளில் வேண்டாம், புரிந்ததா என்கிறார். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆயித்து மேடம் என்று நான்தான் பதில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை மூன்றை எடுத்து அவர் கையில் வைப்பேன். எங்கள் வீட்டில் அதற்கு ரஜா மாத்திரை என்றே பெயர் விழுந்துவிட்டது. நாலைந்து மாதத்தில் செதில் உதிர்வது நின்றது. ஒரு நாள் அவர் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அப்படி ஒரு வருஷம் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல வருஷம் எதுவும் வரவில்லை.

ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் லே ஆஃப் விட்டார்கள். மறுபடி கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பெங்களூரு போய் ரத்தம் சோதித்து, மூன்று மாதத்துக்கான மாத்திரை மொத்தமாக வாங்கி வந்திருந்தோம். வேலை போய்விடுமோ என்ற கவலையில் அவர் தூங்கவில்லை. முழங்கையில் மறுபடி சிவப்பு தெரிந்தது. திரும்பவும் கம்பெனியில் கூப்பிடும்போது இவர் பழையபடி செதிலோடு போய் நின்றால், ஆளைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு அவர்களுக்கு என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாத்திரை கொடுத்தேன். சனிக்கிழமை காலையிலும் எடுத்து நீட்டினேன்.

"இன்னிக்குமா?" என்றார்.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? ரஜா அன்னிக்குப் போடச் சொன்னாங்க. இப்ப ரஜாவுலதான இருக்கறீங்க?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, யோசித்தார். "வாரத்துக்கு ஒரு வாட்டிதான போட்டுக்கினு இருந்தோம்" என்றார். அப்போது வாரத்துக்கு ஒரு நாள்தானே ரஜா இருந்தது என்று மடக்கினேன். எட்டாவது படித்தவள் இல்லையா? அவர் சிரித்துக்கொண்டே வாங்கி விழுங்கிவிட்டார். மருந்துச் சீட்டில் வாரம் ஒரு முறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம், எனக்குத் தமிழ்தான் படிக்க வரும். அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரே என்னிடம் படிக்கக் கொண்டுவருகிறது, நான் யாரிடம் போவது?

பத்து நாள் கொடுத்தேன். மூன்று மாதத்து மாத்திரை பத்தே நாளில் தீரப்போகிறது. அதைப் பார்த்தாவது எனக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதெல்லாம் சீக்கிரம் வாங்கி வைக்க வேண்டும் என்பதுதான். ஏழாம் நாளே அவருக்கு வாயெல்லாம் புண். சூடு என்று மோரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தேன். எட்டாம் நாள் காய்ச்சல். அன்றும் கொடுத்தேன். விழுங்க முடியவில்லை என்று சொன்னபோது பொடி செய்து தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் ஆறிக்கிடந்த தழும்பெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஓசூர் டாக்டர் ஒருவர் பார்த்ததும் உடனே பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அதே டாக்டரம்மா ஓடி வந்தார். மாத்திரை எப்படிப் போட்டார் என்று கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே தாங்க மேடம். ரஜா அன்னிக்கு மட்டும்."

"எத்தனை ரஜா?"

"பத்து நாளா ரஜாதாங்க."

அவர் பக்கத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அந்த மருந்தை முறிக்க மாற்று ஊசி போட்டார்கள், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். தோலை அடித்த அந்த ஒரு வகை மட்டுமல்ல, உடம்பைக் காக்கிற வெள்ளை அணு எல்லாமே ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது, இனி சின்னக் கிருமி வந்தாலும் தடுக்க ஆள் இல்லை என்றார். அப்புறம், "தப்பு என்னோடது. நான் கிழமை பேர் சொல்லியிருக்கணும்" என்று என் கையைப் பிடித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

ஊரிலிருந்து மாமியார் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் கணவர் என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். வாயைத் திறக்கவே முடியாது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"அம்மா கேட்டா நானா எடுத்துப் போட்டுக்கினேன்னு சொல்லு. உன்னிய சும்மா விடமாட்டாங்க. பாப்பா உங்கிட்டதான் வளரணும்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என் விரலை விடவில்லை. சரி என்று சொல்லும்வரை விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறாம் நாள் போய்விட்டார். அவர் உடம்பில் அன்று ஒரு செதில்கூட இல்லை.

நான் அவர் சொன்னபடியே சொன்னேன். அவர் அம்மாவிடம் சொன்னேன், கம்பெனிக்காரர்களிடம் சொன்னேன், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மாத்திரையை எண்ணிப் போடத் தெரியாமல் உயிரை விட்டான் என்று எழவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். நான் முக்காட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை தூரம் வளர்த்தும் புத்தியில்லாமல் போயிற்றே என்று மகனைத் திட்டிக்கொண்டே சில வருஷத்தில் மாமியாரும் கண்ணை மூடினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவரை மடக்கத் தெரிந்த வாய்தான் அது.

மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவள்தான் எடுத்துத் தருகிறாள். போன வாரம் ஒரு வேளை மாற்றிப் போட்டுவிட்டேன். "அப்பா மாதிரியே அஜாக்கிரதையா இருக்காதம்மா" என்று கடிந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை எனக்குப் படிக்க வாங்கி வருகிறவள் அவள்தான். பெயர் போடாவிட்டாலும் அவளுக்குப் புரியும். உன் அப்பாவுக்கு எண்ணத் தெரியும், தாயி. அவர் சந்தேகப்பட்டுக் கேட்டார், நான்தான் வாயை அடைத்தேன். சாகும்போதும் என்னைக் காப்பாற்றிய மனிதரை இத்தனை வருஷம் முட்டாள் என்று ஊர் பேச விட்டு, அந்த நிழலில் நான் உயிரோடு இருந்திருக்கிறேன்.