தொண்ணூறு நொடியில் ஃபேடரை இறக்கியவள்

பாட்டுக் கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் பொறாமைப்படாதீர்கள், மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்குப் பாட்டு காதில் விழாது, அதில் இருக்கும் கோளாறுதான் விழும். மேடையில் மைக் கூவினால் கூட்டமே கழுத்தைத் திருப்பி ஒருவரை முறைக்கும் அல்லவா, அந்த ஒருவர் நான். சிங்கப்பூரிலோ சேலத்திலோ இதே வேலை பார்த்து இதே முறைப்பை வாங்கியவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெஞ்சு லேசாகும் என்று நம்புகிறேன். மற்றவர்கள் அடுத்த கல்யாணத்தில் எங்களை முறைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

யாருக்கும் வேண்டாத ஷோ

நான் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்து இரண்டு வருஷம் வரை மிக்ஸரைத் தொட்டதில்லை. ஒயர் சுற்றுவேன், வேனில் பெட்டி அடுக்குவேன், ஸ்டாண்டில் மைக்கை மாட்டுவேன். ஒலி அமைப்புப் படிப்பு படித்து சான்றிதழும் வைத்திருந்தேன். ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் வந்து, மைக் செட்காரர் எங்கேம்மா என்றுதான் கேட்பார். முதலாளி முனியாண்டி மலேசியாக்காரர், நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் அந்தச் சித்தப்பாவின் சந்தேகம் கொஞ்சம் உண்டு.

ஒரு ஞாயிறு மதியம் த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு ஹாலில் அனிமே என்னும் ஜப்பானிய கார்ட்டூன் தொடர்களின் ரசிகர்கள் கூடும் விழா. தொடர்களின் ஆரம்பத்தில் வரும் ராக் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் உள்ளூர் பாண்ட், அதாவது இசைக்குழு ஒன்று மேடையேறுகிறது. எங்கள் கம்பெனியின் மூத்த மிக்ஸர்காரர், எல்லாம் ஒரே இரைச்சல், என் காது எனக்கு வேணும் என்று கையை விரித்துவிட்டார். முனியாண்டி என்னைப் பார்த்தார். வேறு ஆளைத் தேடிப் பார்த்தார். மறுபடி என்னையே பார்த்தார்.

"செல்வி, இது உன் ஷோ. நல்லா வந்தா ஞாயித்துக்கிழமை மிக்ஸர் உனக்கு, இல்லன்னா நீ ஒயரே சுத்து லா."

முதல் சொல்லிலேயே

ஒத்திகை டிரம்மர் டாமாவின் வீட்டு கராஜில் நடந்தது. பாடகி தர்ஷினி யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிளாட் புஷ்ஷில் வீடு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கீபோர்டு மயூமி, ஜப்பானிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கிட்டாருக்கு ஒருவர், பேஸுக்கு ஒருவர். மொத்தம் ஐந்து பேர்.

நான் நம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவள். வயலின் கூட்டம் ஒரு தடவை ஓடி முடித்து, புல்லாங்குழல் ஒரு சுற்று சுற்றி, அதற்குப் பிறகுதான் பாடகர் வாயைத் திறப்பார். அதற்குள் மைக்கைத் திறந்து, சத்தத்தைச் சரி பண்ணி, தண்ணீர்கூடக் குடித்துவிடலாம். இங்கே டாமா குச்சியை நாலு தட்டு தட்டினான், உடனே தர்ஷினியின் குரல். வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும். அது ஒரு வரி முடித்ததும் ஐந்து பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். நான் மைக்கைத் திறப்பதற்குள் முதல் சொல் போய்விட்டது. இரண்டாம் தடவையும் போனது. மூன்றாம் தடவை சொல்லில் பாதி கிடைத்தது.

ஆனால் என்ன பாட்டுங்க அது. இரைச்சல் என்று சொன்னவர் உட்கார்ந்து கேட்கவில்லை என்று அன்றைக்கே தெரிந்தது. பேஸ் கிட்டார் துணைக்கு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு கீழே ஓடுகிறது. சரணம் அடக்கமாகத் தொடங்குகிறது, நடுவில் கொஞ்சம் ஏறி நம்மை விளிம்பில் நிறுத்துகிறது, பிறகு பல்லவி திறந்துகொள்கிறது. ஒரு நொடிகூட வீணில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கு தர்ஷினி கோபப்படவில்லை, காரணம்தான் சொன்னாள்.

"தொடர் பாக்கிற ஆக்கள் ரிமோட்டைக் கையில வச்சுக்கொண்டுதான் இருப்பினம் அக்கா, முதல் சொல்லில பிடிக்காட்டித் தாண்டிப் போயிடுவினம்."

வரிசையாக நின்று

விழா நாள் காலை நான் ஒயரெல்லாம் போட்டு முடித்து மிக்ஸருக்குப் பின்னால் நின்றேன். ஐந்து பேரும் மேடையை விட்டு இறங்கி, ஹாலின் கடைசி வரை நடந்து வந்து, என் முன்னால் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள். ஜப்பானிய மொழியில் ஏதோ ஒன்றை ஒரே குரலில் சொன்னார்கள். என் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் மிக்ஸரைத் தேடி ஒருவர் வருகிறார் என்றால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம். என் பெண் பாடுறது கேட்கலை, அவங்க பெண் பாடுறது மட்டும் எப்படிக் கேட்குது என்பார்கள். கும்பிட்டு வரவேற்றால் கை காலெல்லாம் என்ன செய்வது என்று தெரியவில்லை. நானும் குனிந்து வைத்தேன். ஜப்பானில் எந்த பாண்டும் முதலில் ஒலி பார்ப்பவரிடம் போய், இன்றைக்கு எங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாத்தியத்தைத் தொடும் என்று மயூமி விளக்கினார்.

"மேடையில் நிற்கும் எங்களுக்கு ஹாலில் என்ன கேட்கிறது என்று தெரியாது, உங்கள் காதை நம்பித்தான் வாசிக்கிறோம்."

தொண்ணூறு நொடி

கடைசிப் பாட்டு ஒத்திகையில் இல்லாதது. ரசிகர்கள் கேட்டார்கள் என்று முந்தைய நாள்தான் சேர்த்தார்கள். இந்தப் பாட்டுத் தெரியுமா அக்கா என்று தர்ஷினி கேட்டபோது, தலைகீழாகத் தெரியும் என்றேன். பொய்யில்லை. என் மகள் அந்தத் தொடரை தினமும் பார்க்கிறாள், சமையலறையில் நின்றபடி நானும் தினமும் கேட்கிறேன். எந்த இடத்தில் கிட்டார் ஏறும், எந்த அடியில் எல்லாம் டக்கென்று நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சொல் கணீரென்று வந்தது. கூட்டம் கையிலிருந்த விளக்குக் குச்சிகளை ஒரே நிறத்துக்கு மாற்றி ஆட்டியது. நானூறு பேர் இருப்பார்கள், எனக்குப் புல்லரித்தது. பல்லவி முடிந்தது, எல்லா வாத்தியமும் டக்கென்று நின்றது. நான் அழகாக மேடைச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன், பேச்சாளர் வரும் வரை ஒலிக்க வேண்டிய இசையைக் கம்பெனி லேப்டாப்பில் தட்டிவிட்டேன். சனிக்கிழமை கல்யாணத்தின் பட்டியல் அதில் அப்படியே இருந்தது போலிருக்கிறது. ஹால் முழுக்க நாதஸ்வரம் ஒலித்தது.

மேடையில் தர்ஷினியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. டாமா அடித்துக்கொண்டிருந்தான். டிவியில் வருவது தொண்ணூறு நொடிக்கு வெட்டிய பாட்டு என்பதும், முழுப் பாட்டு நாலு நிமிஷம் என்பதும் அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியாது. நானூறு பேரும் இரண்டாவது சரணத்தைத் தாங்களே எடுத்துப் பாடினார்கள், அதுவும் ஜப்பானிய மொழியில், சொல் பிசகாமல். நான் நாதஸ்வரத்தை நிறுத்தி, ஃபேடரை ஏற்றி முடிப்பதற்குப் பத்து நொடி ஆகியிருக்கும். பக்கத்தில் நீல விக் வைத்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பெண் என் பக்கம் குனிந்தாள். திருச்சிப் பெண்ணாம்.

"நாதஸ்வரம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா, ஆனா பாட்டு இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு."

தர்ஷினியின் தீர்ப்பு

செய்தி எனக்கு முன்னால் ஒனிஹங்கா போய்ச் சேர்ந்தது. முனியாண்டி திட்டவில்லை. திங்கட்கிழமை பழைய வேலைப் பட்டியலை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்ததை நானே என் கையால் இறக்கி வைத்துவிட்டேன் என்ற நினைப்பு சாப்பிடும்போதுகூட விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து தர்ஷினி கடைக்கே வந்தாள். அடுத்த விழா வருகிறது, அதே அக்கா வேண்டும் என்றாள். முனியாண்டி அதிர்ந்துபோய், மூத்தவரையே அனுப்புகிறேன், அவரைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு என்றார். அவள் அசையவில்லை. நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, இல்லாத ஒயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவா நிப்பாட்டினது ஒரு அடிகூடப் பிந்தேல்ல, முந்தேல்ல. பாட்டு உள்ளுக்க இறங்காத ஆளால அந்தப் பிழையை விடவே ஏலாது."

லேப்டாப் நின்றபோது

அதற்குப் பிறகு ரயிலில் போகும்போதெல்லாம் முழுப் பாட்டுகளைத்தான் கேட்டேன். எத்தனை அடிக்கு எது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதினேன். டிவி காட்டாத பாதியில்தான் பாட்டின் மனசு இருக்கிறது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாம் ஓய்ந்து, வயலின்கள் மட்டும், நாலு அடிக்கு ஒரு சுற்று என்று எட்டுச் சுற்று தனியாக வரும். பிறகு பாட்டு முழுவதும் ஒரு படி மேலே ஏறி, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டும். முதல் தடவை அந்த ஏற்றத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. எதிர் சீட்டுக்காரர் டிஷ்யூ நீட்டினார். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது விழாவிலும் அதே பாட்டுதான் கடைசி. பாண்டில் வயலின் கிடையாது, அந்தச் சத்தம் மேடை லேப்டாப்பிலிருந்து வரும். வாசிப்பவர்கள் காதில் டிக் டிக் என்று தாளம் சொல்வதும் அதே லேப்டாப்தான். தர்ஷினி வரியை முடித்தாள். வயலின்கள் தொடங்கின. இரண்டு சுற்று ஓடியதும் லேப்டாப் உறைந்துவிட்டது. வயலினும் இல்லை, டிக் டிக்கும் இல்லை. டாமா குச்சியைத் தூக்கியபடி நின்றான். எப்போது இறங்குவது என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு நேரத்தில் இறங்கினால் பாட்டு அங்கேயே சிதறும், எனக்கும் அதோடு மங்களம்.

என் காதில் மட்டும் வயலின் ஓடிக்கொண்டே இருந்தது. வாசிப்பவர்கள் காதோடு பேசும் பொத்தானை அழுத்தி எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ். சுற்றுக்கு ஒரு விரலாக இடது கையில் மடக்கினேன், ஐந்தும் தீர்ந்ததும் ஆறாவதுக்கு ஒன்றை நிமிர்த்தினேன். ஹால் அசையாமல் இருந்தது, இந்த மௌனமும் பாட்டின் பாகம் என்று நினைத்து விளக்குக் குச்சிகளை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எட்டாவது சுற்றின் நாலை மட்டும் உரக்கச் சொன்னேன். ஐந்து பேரும் ஒன்றாக இறங்கினார்கள். பாட்டு ஒரு படி மேலே ஏறியது, ஹால் கூரையைத் தொட்டது, நான் நாற்காலியில் சாய்ந்து அழுதேன். முடிந்ததும் டாமா வியர்வையோடு நேராக என்னிடம் வந்து ஆங்கிலத்தில் சொன்னான்.

"நீங்க எண்ணினதில் ஒரு சொல்லும் புரியலை, ஆனா அந்த லேப்டாப்பை விட உங்க தாளம் சுத்தம்."

முனியாண்டி பார்த்தது

முனியாண்டி அன்றைக்கு ஹாலுக்கு வந்திருந்தார். கடைசிப் பாட்டு முழுக்கக் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். லேப்டாப் நின்றதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், ஒன்றுமே அவருக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. மேடை லேப்டாப்பைச் சுட்டிக்காட்ட எழுந்த கையை அப்படியே கீழே விட்டேன்.

"பாத்தியா, ஒரு பிரச்சினையும் இல்ல, இந்த மாதிரி ஈசியான ஷோ எல்லாம் இனிமே ஞாயித்துக்கிழமை நீயே பாத்துக்க லா."

ஆறு சுற்று எண்ணி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்த் திரும்பியவளுக்கு, அது ஈசியான ஷோ என்று முதலாளி வாயால் கேட்பதை விடப் பெரிய விருது எங்கள் தொழிலில் கிடையாது.